துல்லிய மருத்துவம் சாதாரண ஜனங்களுக்கும் பயன்படுமா, பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

பயன்படும். துல்லிய மருத்துவம் என்றால் ஆளின் மரபணுவைப் பார்த்து அவருக்கு ஏற்ற சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது. மரபணு என்றதும் நமக்கு, குழந்தைகளின் தசைச் சிதைவு நோய்க்குப் போடும் 16 கோடி ரூபாய் ஊசிதான் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் தேவைப்பட்டது ஒரு ரத்தப் பரிசோதனையும் ஓர் அட்டையும்தான்.

நாங்கள் ஆரிய வைசியச் செட்டியார்கள். தொண்ணூறுகளில் என் அத்தைக்கு சிசேரியன். குழந்தை பிறந்து தையலும் போட்டாயிற்று. அத்தைக்கு மட்டும் மூச்சு திரும்பவில்லை, விரல்கூட அசையவில்லை. நான்கு மணி நேரம் வென்டிலேட்டரில் கிடந்தார். "மயக்க மருந்து கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தைக்கே குடல்வால் ஆபரேஷன். மயக்க டாக்டர் வந்ததும் கேட்டார்: "நீங்க ஆரிய வைசியரா?" மாமாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஆபரேஷனுக்கு ஜாதி எதுக்கு சார்?"

டாக்டர் கோபப்படாமல் விளக்கினார். தொண்டையில் குழாய் இறக்கும்போது தசைகளைத் தளர்த்த சக்சினைல்கோலின் போடுவார்கள். தியேட்டரில் அதற்கு ஸ்கோலின் என்று பெயர். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். நொதி குறைவாக இருந்தால் மணிக்கணக்கில் மூச்சு வராது. தலைமுறை தலைமுறையாகச் சமூகத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததில், எங்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிடச் சுமார் 100 மடங்கு அதிகம் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

பரிசோதித்தார்கள், அவளுக்கும் குறைவு. வேறு மருந்து கொடுத்து ஆபரேஷன் முடிந்தது. அப்புறம்தான் அத்தைக்கு அன்று என்ன நடந்தது என்றே எங்களுக்குப் புரிந்தது.

ஆனாலும் மாமாவின் கோபத்தில் நியாயம் உண்டு. ஜாதியைக் கேட்பது ஒரு குத்துமதிப்புதான். கலப்புத் திருமணத்தில் பிறந்தவரிடம் என்ன கேட்பது? ஆளின் மரபணுவையே பார்க்கலாம் என்றால், உலகத்தில் இதுவரை சேர்ந்த தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் அரசின் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியர்களின் மரபணுத் தரவை 2025 ஜனவரியில்தான் வெளியிட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் தெரிந்த விஷயத்தையே சீட்டில் எழுதாத ஆஸ்பத்திரியில் அந்தத் தரவை வைத்து என்ன செய்வது?

அத்தை மகள் தனக்கு ஸ்கோலின் ஆகாது என்ற விவரத்தை அட்டையில் எழுதி, லேமினேட் செய்து கைப்பையில் வைத்திருக்கிறாள். அவள் தம்பி இன்னும் பரிசோதிக்கவில்லை. "எனக்கு ஆபரேஷன் வரும்போது பாத்துக்கலாம்" என்கிறான். தினமும் பைக்கில் நாற்பது கிலோமீட்டர் போய் வருகிறவன்.