பிப் விண்ணப்பம்: வைத்தியரிடம் எந்தக் கடிதம் கேட்பது?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: அகதி அந்தஸ்தோடு லண்டனில் இருக்கிறீர்கள், கணவருக்குப் பழைய ஷெல் காயத்தால் இடது காலும் முதுகும் ஏலாது. பிப் (PIP: நோயாலோ ஊனத்தாலோ அன்றாட வேலைக்கும் நடமாட்டத்துக்கும் கஷ்டப்படுவோருக்குப் பிரித்தானிய அரசு தரும் பணம்) கொடுப்பனவுக்கு என்னென்ன மருத்துவக் கடிதம் வேண்டும், எல்லாம் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்கலாமா?

சேரும்வரை பார்த்திருக்காதீர்கள். முதலில் பிப் விண்ணப்ப இலக்கத்துக்குப் போன் எடுத்து விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இணைப்பார்கள். கொடுப்பனவு அந்த நாளிலிருந்துதான் கணக்கு, அதற்கு முந்திய காலத்துக்குக் கிடையாது. வரும் படிவத்தை 1 மாதத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு கடிதம் பிந்தினால், அது பின்னால் வரும் என்று படிவத்தில் எழுதிவிட்டு அனுப்பலாம். கடந்த 3 வருடத்தில் 2 வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற விதி அகதிகளுக்கு இல்லை. ஆனால் விசாவில் பொதுநிதி (அரச உதவிப் பணம்) பெறத் தடை எழுதியிருப்பவர்கள் சட்டத்தரணியைக் கேட்காமல் விண்ணப்பிக்கவே கூடாது, விசாவுக்கே பாதிப்பு வரும்.

இனி ஆதாரம். நோயின் பெயருக்குப் புள்ளி இல்லை. சமைப்பது, குளிப்பது, உடுப்பது, கழிவறை போவது போன்ற 10 அன்றாட வேலைகளும், நடமாட்டத்தில் 2 விடயமும் பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். ஒவ்வொரு பகுதியிலும் 8 புள்ளிக்குச் சாதாரணத் தொகை, 12க்குக் கூடிய தொகை. உதாரணத்துக்கு, கைத்தடியோடு 20 மீட்டருக்கு மேல் போனாலும் 50 மீட்டரைத் தாண்ட முடியாதவருக்கு 10 புள்ளி. 'முதுகில் ஷெல் துண்டு உண்டு' என்ற கடிதம் மட்டும் இதில் எதையும் சொல்லாது.

ஆகையால் ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) 'ஒரு சப்போர்ட் லெட்டர் தாங்கோ' என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் கணவர் குளிப்பதையோ சமைப்பதையோ ஜீபி கண்டதில்லை. ஒரு பக்கத்தில் கேள்விகளை எழுதிக் கொடுங்கள்: எத்தனை மீட்டரில் நிற்க வேண்டி வருகிறது, பிறகு எவ்வளவு நேரம் இருந்து எழும்புகிறார், குளியல் தொட்டியில் ஏற யார் பிடிக்க வேண்டும், காலுறை போட முடிகிறதா, எத்தனை தரம் விழுந்தார். கடிதத்துக்குச் சில இடங்களில் காசு கேட்பார்கள். மருத்துவப் பதிவேட்டின் பிரதியோ பொதுவாக இலவசம், எழுதிக் கேட்டால் 1 மாதத்துக்குள் தர வேண்டும். பிசியோ (உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவர்), ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) எழுதிய குறிப்புகள் பல நேரம் ஜீபி கடிதத்தை விடப் பெறுமதியானவை, ஏனென்றால் அவர்கள் ஆளை நடக்கவிட்டு, படியேறவிட்டுப் பார்த்து எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்து டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரி தந்த நோய் விபர அட்டை) இருந்தால் பிரதி வையுங்கள். காயம் எப்போது வந்தது என்பதற்கு அது நல்ல சான்று, இன்றைய நிலைக்கு அல்ல.

பதிவேட்டைப் படிவம் நிரப்ப முதலே வாசியுங்கள். எங்கள் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். வைத்தியர் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்றால் மரியாதைக்கு 'பரவாயில்லை' என்போம். அது 'சமாளிக்கிறார்' என்று பதிவாகிவிடும். மகள் மொழிபெயர்த்தால் கழிவறைக் கதையும் இரவில் அலறி எழும்புவதும் அப்பாவின் வாயில் வராது. சந்திப்புக்குப் பதியும்போதே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) காசு வாங்காது. மாத்திரையும் அப்படித்தான். பலமான வலிமாத்திரை வயிற்றைப் புரட்டியதால் விட்டிருந்தால், அந்தக் காரணம் பதிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'பரசிட்டமோல் மட்டும்தான், ஆகவே வலி குறைவு' என்று பிப் புள்ளி போடுவதற்காக நிலையைப் பார்க்கும் மதிப்பீட்டாளர் எழுதுவார். பிசியோவுக்குப் போகாமல் விட்டதற்கும் அதே கதைதான்.

இவற்றோடு 2 கிழமைக்கு நாட்குறிப்பு வையுங்கள். 'கால் வலி, கஷ்டம்' என்று எழுதுவதில் பயனில்லை. 'செவ்வாய்: பஸ் தரிப்பிடம் போகையில் இரண்டு தரம் மதிலில் சாய்ந்து நின்றார், 5 நிமிடப் பாதைக்கு 15 நிமிடம். திரும்பி வந்து படுத்தவர் பின்னேரம்வரை எழும்பவில்லை. சப்பாத்து நான் கழற்றினேன்.' இப்படி எழுதுங்கள். ஒரு வேலையைச் செய்ய முடிவது மட்டும் போதாது என்பதுதான் சட்டம்: ஆபத்தில்லாமல், சரியாக, வேண்டிய தடவை, மற்றவருக்கு எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்குக்குள் செய்ய வேண்டும். வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலை என்ன என்பதே கணக்கு, நல்ல நாளை வைத்துப் பதில் எழுதாதீர்கள். உதவி செய்பவராக நீங்களும் ஒரு கடிதம் எழுதலாம், அதுவும் ஆதாரம்தான்.

மூலப் பத்திரங்களை அனுப்ப வேண்டாம், பிரதி போதும். ஒவ்வொரு தாளிலும் பெயரும் நஷனல் இன்சூரன்ஸ் இலக்கமும் எழுதுங்கள், கவர் பிரிந்தால் தாள்கள் சிதறும். முழுக் கட்டையும் போனில் படமெடுத்துவிட்டு, தபாற்கந்தோரில் கொடுத்து அனுப்பியதற்கான துண்டு வாங்குங்கள், அதற்குக் காசில்லை. மறுத்துக் கடிதம் வந்தால் மறுபரிசீலனை கேட்க அந்தக் கடிதத்தின் திகதியிலிருந்து 1 மாதம் உண்டு. அப்போது இந்தப் படங்கள்தான் கையில் இருக்கும்.