சோதனைக்குள் எட்டிப் பார்க்கும் ஹோம் கோப்புறை

கேள்வி: நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளான கிட்டின் கட்டளைகளை இயக்கும் சிறு கருவி ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். அதன் சோதனைகள் சர்வரில் தேறுகின்றன. என் மடிக்கணினியில் மட்டும் கமிட் செய்யும் (மாற்றத்தைப் பதியும்) இடத்தில் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: உங்கள் ஹோம் கோப்புறையில் உள்ள, கிட்டின் அமைவுகளைக் கொண்ட கிட்கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். கமிட்.ஜிபிஜிசைன் அதில் ட்ரூ என்று இருக்கும் என நினைக்கிறேன். ஒவ்வொரு கமிட்டிலும் கையொப்பமிடச் சொல்லும் அந்த வரியைச் சோதனைக்குள் ஓடும் கிட்டும் படித்துவிடுவதால்தான் அது உங்கள் சாவிக்கான கடவுச்சொல்லைக் கேட்டுக் காத்திருக்கிறது. வரியை நீக்கிவிடாதீர்கள், அது உங்கள் கணினியை மட்டுமே சரிசெய்யும். நாளை, முதற்கிளைக்கு மெயின் என்று பெயர் வைத்திருக்கும் நண்பரின் கணினியில், மாஸ்டர் கிளையை எதிர்பார்க்கும் வேறொரு சோதனை விழும்.

கிட் 2.32 பதிப்பிலிருந்து (2021) கிட்_கான்ஃபிக்_குளோபல், கிட்_கான்ஃபிக்_சிஸ்டம் என்ற இரு சூழல் மாறிகள் (நிரல்கள் ஓடும்போது படித்துக்கொள்ளும் மதிப்புகள்) உள்ளன. லினக்ஸில் இரண்டையும், படித்தால் எப்போதும் வெறுமையாகவே இருக்கும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டால், பயனரின் கோப்பையும் கணினி முழுமைக்குமான கோப்பையும் கிட் தொடாது. உங்கள் கருவிக்கும் சொந்த அமைவுக் கோப்பு இருக்குமானால், அத்தகைய கோப்புகளின் இடத்தைச் சொல்லும் ஹோம், எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_ஹோம் ஆகிய மாறிகளையும் சோதனைக்குச் சோதனை புதிதாக உருவாகும் வெற்றுக் கோப்புறைக்கு மாற்ற வேண்டும். பைத்தான் சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட்டில் இதற்கு, சோதனைகளுக்குப் பொதுவான கான்ஃப்டெஸ்ட் கோப்பில் ஓர் ஆட்டோயூஸ் ஃபிக்ஸ்ச்சர் (ஒவ்வொரு சோதனைக்கும் முன் தானாக ஓடும் ஃபங்ஷன்) போதும். அதற்குள் பைடெஸ்ட்டின் மங்கிபேட்ச் வசதி மாறிகளை மாற்றி, சோதனை முடிந்ததும் பழைய மதிப்புகளைத் திரும்ப வைத்துவிடும்.

ஹோம் மாறியை அழித்துவிட்டாலே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இல்லாதபோது பைத்தான் பயனர் கணக்குப் பதிவிலிருந்து உங்கள் உண்மையான கோப்புறையையே தேடி எடுத்துவிடும். விண்டோஸிலோ, பைத்தான் 3.8 முதல் பார்க்கப்படுவது யூசர்ப்ரொஃபைல்தான், அதையும் மாற்றுங்கள்.

இத்தனையும் செய்தபின் 'நீங்கள் யார்' என்று கேட்டு கிட் கமிட்டை மறுக்கக்கூடும், ஏனெனில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் அதே கோப்பில்தான் இருந்தன. எழுதியவர், கமிட் செய்தவர் இருவருக்குமான பெயர், மின்னஞ்சல் மாறிகளில் பொய்ப் பெயர் ஒன்றை அதே ஃபிக்ஸ்ச்சரில் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: கருவி தன் அமைவை இம்போர்ட் ஆகும்போதே (நிரல் ஏற்றப்படும்போதே) படித்துவிட்டால் ஃபிக்ஸ்ச்சர் வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும், படிக்கும் வேலையை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளிவையுங்கள்.

ஓட்டை மிச்சமிருக்கிறதா என்று அறிய, வேறொரு கோப்புறையில் ஒற்றை அடைப்புக்குறி மட்டும் உள்ள கிட்கான்ஃபிக் கோப்பை வைத்து, ஹோமை அதற்குத் திருப்பிப் பைடெஸ்ட்டை ஓட்டுங்கள். அக்கோப்பைப் படிக்க நேரும் எந்த கிட் கட்டளையும் முதல் வரியிலேயே பிழை என்று அலறி நின்றுவிடும்.