ஹாவொர்த் குருமனையில் இறைச்சி உண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் ஹாவொர்த் ஊரில் வாழ்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர்களான ஷார்லட், எமிலி, ஆன் பிராண்ட்டே சகோதரிகளைப் பற்றிய கட்டுரையில் அவர்களுடைய தந்தையைப் பாசமுள்ள மனிதர் என்று எழுதியிருந்தீர்கள். நான் படித்த வாழ்க்கை வரலாற்றில் அவர் பிள்ளைகளுக்கு இறைச்சியைக் கண்ணில் காட்டாமல் உருளைக்கிழங்கிலேயே வளர்த்தவர். மனைவியின் பட்டு கவுனைக் கத்தரித்துப் போட்டவர். ஒரு குருவானவரின் வீடு இப்படியா இருந்திருக்கும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஷார்லட்டின் கடிதங்களை எரித்துவிடும்படி அவருடைய கணவரே சொல்லியிருக்கும்போது, நாம் அவற்றைப் படிப்பது நியாயமா?

ஆர். எஸ்.

அன்புள்ள ஆர். எஸ்.,

இரண்டு கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். அந்த வீட்டார் கைப்பட எழுதியவை தப்பிப் பிழைத்திராவிட்டால், முதல் கேள்விக்கு நான் வெறும் அபிப்பிராயம்தான் சொல்ல முடிந்திருக்கும்.

நீங்கள் படித்தது நாவலாசிரியர் எலிசபெத் காஸ்கெல் 1857இல் வெளியிட்ட, ஷார்லட்டின் வாழ்க்கை வரலாறு. ஷார்லட்டின் தாய் 1821இல் மரணப் படுக்கையில் கிடந்தபோது உடனிருந்து பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணி, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துச் சொன்னதுதான் அந்த உருளைக்கிழங்குக் கதை. அப்போது அதே வீட்டில் வேலைபார்த்த நான்சி கார்ஸ் அதைக் கேட்டுக் கொதித்துப்போனார். பிள்ளைகளுக்குத் தினமும் இறைச்சி உண்டு என்றார். அவருக்கு வேறொரு கோபமும் இருந்தது. அந்தக் காலத்து வேலைக்காரிகள் பொருள்களை வீணடித்தார்கள் என்றும் புத்தகத்தில் அச்சாகியிருந்தது. கடைசியில் எண்பது வயதுத் தந்தை பேட்ரிக் பிராண்ட்டே பேனாவை எடுத்து, நான்சியும் அவருடைய தங்கை சாராவும் நேர்மையானவர்கள், எதையும் வீணடித்தவர்கள் அல்லர் என்று நற்சான்று எழுதிக் கொடுத்தார்! தன்னைப் பற்றிய அவதூறுகளுக்கு அவர் அவ்வளவு பதறவில்லை. நான் கொஞ்சம் விசித்திரமானவன்தான், அமைதியான சாதாரண மனிதனாக இருந்திருந்தால் இப்படிப்பட்ட பிள்ளைகள் எனக்குப் பிறந்திருக்க மாட்டார்கள் என்று காஸ்கெலுக்கு எழுதினார். எனக்குப் பிடித்த வரி அது. பட்டு கவுன் உள்ளிட்ட சில கதைகள் அதே ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில் இல்லை.

1834 நவம்பர் 24 அன்று பதினாறு வயது எமிலியும் பதினான்கு வயது ஆனும் சேர்ந்து கிறுக்கிய ஒரு தாள் கிடைத்திருக்கிறது. எழுத்துப்பிழைகள் மலிந்தது. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது; நாங்கள் இன்னும் தலைவாரவில்லை, படுக்கையைச் சரிசெய்யவில்லை, பாடம் படிக்கவில்லை, வெளியே போய் விளையாட வேண்டும் என்கிறார்கள். ஷார்லட் புட்டிங் செய்வதற்காக ஆப்பிள் தோல் சீவிக்கொடுத்தாயிற்று. சமையலறை அலங்கோலமாகக் கிடக்கிறது. வேலைக்கார டாபி, உருளைக்கிழங்கை உரிக்க வா என்று தன் யார்க்‌ஷயர்க் கொச்சையில் ஆனைக் கூப்பிடுகிறாள். எமிலி அந்தக் கொச்சையை அப்படியே எழுதிவைக்கிறாள். அப்பா கதவைத் திறந்து, வந்த கடிதம் ஒன்றை அண்ணன் பிரான்வெல்லிடம் நீட்டி, படித்துவிட்டுப் பெரியம்மாவிடமும் ஷார்லட்டிடமும் காட்டு என்கிறார். பகல் சாப்பாடு என்ன? வேகவைத்த மாட்டிறைச்சி, டர்னிப், உருளைக்கிழங்கு, ஆப்பிள் புட்டிங். 1821இல் நடந்ததற்கு இது சாட்சியாகாது என்று நீங்கள் மடக்கலாம். சரிதான். ஆனால் நண்பகல் தாண்டியும் தலைவாராமல், பாடத்தைத் தள்ளிப்போட்டு, அடுப்படியில் அரட்டையடிக்கும் பெண்பிள்ளைகள் கொடுங்கோல் தந்தையின் வீட்டில் வளர்ந்தவர்களாக எனக்குத் தெரியவில்லை.

1839 டிசம்பரில் டாபி கால் நோவால் வேலையை விட்டுப் போனபோது ஷார்லட் தன் தோழி எல்லன் நஸ்ஸிக்கு எழுதிய கடிதத்தையும் பாருங்கள். ரொட்டி சுடுவதும் சமையலறையும் எமிலியின் பொறுப்பு. துணி தேய்ப்பதும் கூட்டிப்பெருக்குவதும் ஷார்லட்டின் பொறுப்பு. முதல் தடவை தேய்த்தபோது துணிகளைக் கருக்கி, பெரியம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் வேறெங்கோ ராணியாக இருப்பதைவிட, இங்கே அடுப்புக்குக் கரிமை பூசுவதிலும் படுக்கை விரிப்பதிலும்தான் தனக்கு மகிழ்ச்சி என்கிறார். அதே ஆண்டில்தான் ஒரு செல்வர் வீட்டில் அவர் சம்பளத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அலுத்திருந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

தந்தை சாது என்று நான் சொல்லவரவில்லை. 1852இல் உதவிகுரு ஆர்தர் பெல் நிக்கல்ஸ் பெண் கேட்டபோது அவருக்கு வந்த ஆத்திரத்தை ஷார்லட்டே எல்லனுக்கு விவரித்திருக்கிறார்: நெற்றிப் பொட்டில் நரம்புகள் சாட்டைக் கயிறாகப் புடைத்தன, கண்கள் சிவந்தன. அதே மனிதர்தான் 1850 பிப்ரவரியில் மஞ்சள் பூத்த கடிதக் கட்டு ஒன்றை மகள் கையில் கொடுத்து, உன் அம்மாவுடையது, படிக்கலாம் என்றவர். 1812இல், மணநாளுக்கு முன் அந்த அம்மா, மரியா, பேட்ரிக்குக்கு எழுதியவை. "என் அன்பான குறும்புக்காரப் பாட்" என்று அவரைச் செல்லமாக அழைத்து ஒன்று தொடங்குகிறது. தன் உடைமைகளை ஏற்றிவந்த கப்பல் டெவன் கரையில் தட்டி, பெட்டி சிதறி, அநேகமாக எல்லாம் கடலோடு போய்விட்டது என்று அதில் சொல்கிறார். ஐந்து வயதில் தாயை இழந்த ஷார்லட், முப்பத்துமூன்று வயதில்தான் அவருடைய குரலைக் கேட்டார்.

இனி எரிக்கும் விவகாரம். ஷார்லட்டை நிக்கல்ஸ் மணந்தது 1854 ஜூனில். அக்டோபரில் மனைவி எல்லனுக்கு எழுதிய கடிதத்தை எட்டிப்பார்த்துவிட்டு, இவை தீக்குச்சிபோல ஆபத்தானவை, எரிப்பதாக எல்லன் வாக்குக் கொடுக்காவிட்டால் இனிக் கடிதமே கிடையாது என்றார். ஷார்லட் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. எல்லனும் லேசுப்பட்டவர் அல்லர். நீங்கள் தணிக்கை செய்வதில்லை என்று வாக்களித்தால், இனி வரும் கடிதங்களை அழித்துவிடுகிறேன் என்று நிபந்தனையோடு பதில் போட்டார். நிக்கல்ஸ் தன் பங்கைக் காப்பாற்றவில்லை என்பது பிற்பாடு எல்லன் வைத்த வாதம்.

அந்த வாதத்தை நீங்கள் ஏற்காவிட்டாலும் பரவாயில்லை. வாக்குறுதி "இனி வரும்" கடிதங்களுக்குத்தான். ஷார்லட் 1855 மார்ச் 31இல் இறந்துவிட்டார். அது கட்டுப்படுத்தக்கூடியது கடைசி ஐந்து மாதக் கடிதங்களை மட்டுமே. துணி கருகியதும் அப்பாவின் நரம்பு புடைத்ததும் அம்மாவின் கடிதக் கட்டும் அதற்கு முன்பே எழுதியாயிற்று. தாராளமாகப் படியுங்கள்.

அன்புடன்.