வாசகர் கேள்வி: ஆலயப் பதிவேட்டின் முதல் வரி

கேள்வி: மூணாறு கிறிஸ்து ஆலயத்தின் பின்மேட்டுக் கல்லறைத் தோட்டம் ஆலயத்துக்கும் மூத்தது என்பார்கள். 1894-இல் வாந்திபேதியில் இறந்த எலினார் நைட் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் அடக்கமே பதிவேட்டின் முதல் வரி; ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910-இல். இங்கிலாந்தின் ஊர் ஆலயங்களில் இப்படிப் பதிவேடு எழுதும் வழக்கம் எப்படி வந்தது? அதை அப்படியே நம்பலாமா?
– ஒரு வாசகி, தேவிகுளம்

பதில்: எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் இட்ட ஆணையால் வந்தது. ஒவ்வொரு சேகரத்துக் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதி) குருவானவரும் அந்த வாரத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஞாயிறன்று சபைப் பொறுப்பாளர் முன்னிலையில் எழுதி, இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி குருவானவரிடம், மற்றது பொறுப்பாளர்களிடம். புது வரி விதிக்கவே பெயர் எழுதுகிறார்கள் என்று மக்கள் அஞ்சினார்கள். தாளில் எழுதியவை நைந்துபோனதால், 1598-இல் எல்லாவற்றையும் தோல் ஏடுகளில் படியெடுக்க உத்தரவு வந்தது. முதலாம் எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதலானவற்றை முக்கியமாகப் படியெடுக்கும்படி அதில் சொல்லியிருந்ததால், பல ஊர்களில் முந்தைய 20 ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். அந்த இழப்பு இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர்ப் பதிவேடும் 1558-இல்தான் தொடங்குகிறது. அதில் 1564 ஏப்ரல் 26-ஆம் தேதி, ‘ஜானின் மகன் வில்லியம்’ என்று லத்தீனில் ஒரு வரி இருக்கிறது. அந்தக் குழந்தைதான் ஷேக்ஸ்பியர். அதே ஆண்டு ஜூலை 11-இல் நெசவு பழகிவந்த ஆலிவர் கன் என்பவரின் அடக்கம். அந்த வரியின் ஓரத்தில் ‘இங்கே கொள்ளைநோய் தொடங்கியது’ என்று குறித்திருக்கிறார்கள். உலகறிந்த கவிஞருக்கும் ஒரு தறிக்காரப் பையனுக்கும் ஆளுக்கொரு வரிதான்; இந்த ஏடுகளை நான் மதிப்பதற்கு அதுவே காரணம்.

நம்பலாம், ஆனால் எதை எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்து நம்ப வேண்டும். எழுதியது ஞானஸ்நானத்தையே, பிறப்பை அன்று. ஷேக்ஸ்பியரின் பிறந்த நாளாக ஏப்ரல் 23-ஐக் கொண்டாடுவது ஊகம்தான். 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், ஏட்டில் 1700 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1701. 1640-களில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர்க்காலத்துப் பக்கங்கள் பல ஊர்களில் வெறுமையாகவே கிடக்கின்றன. 1754 முதல் மணமக்களே கையெழுத்திட வேண்டியிருந்ததால், எழுதத் தெரியாதவர்கள் போட்ட பெருக்கல் குறிகளையும் பார்க்கலாம்; நம் ஊர்க் கைநாட்டுப் போலத்தான். 1813-இல் அச்சிட்ட படிவம் வந்தபின் குழந்தையின் தகப்பனாருடைய தொழிலும் தெரிகிறது.

பதிவேடு கிழிந்திருந்தால், ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பிய படியில் தேடலாம். நூறாண்டு கடந்த ஏடுகள் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ளன. சென்னை மாகாண ஆலயங்கள் லண்டனுக்கு அனுப்பிய படிகள், 1698 முதலானவை, பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் மலைப் பதிவேட்டைப் பார்க்க ஆயர் அனுமதித்தால், எலினாரின் கல்லில் உள்ள இறந்த தேதியை ஏட்டின் அடக்கத் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.