எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் டெக்ஸா தேவையா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 64. நெடுநாளாக முதுகுவலி இருந்ததால் முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். “முள்ளெலும்புகளின் மஜ்ஜையில் கொழுப்பு மிகுந்துள்ளது, எல்1 முள்ளெலும்பின் முன்பக்க உயரம் குறைந்துள்ளது, எலும்புப்புரை இருக்கக்கூடும்” என்று அறிக்கை சொல்கிறது. மருத்துவரோ எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் வேண்டும் என்கிறார். எலும்பின் அடர்த்தியை எம்.ஆர்.ஐ. படத்திலிருந்தே கணக்கிட முடியாதா?

பதில்: முடியாது, டெக்ஸா எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த அறிக்கையில் நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது மஜ்ஜைக் கொழுப்பைப் பற்றி அல்ல, எல்1 முள்ளெலும்பை, அதாவது இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பைப் பற்றி. அதற்குப் பிறகு வருகிறேன்.

எலும்பின் அடர்த்தி என்று நாம் சொல்வது அதிலுள்ள கால்சியம், பாஸ்பேட் முதலிய தாதுக்களின் அளவை. எம்.ஆர்.ஐ. கருவியோ நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைக் கொண்டு படம் வரைகிறது. தாதுப் பகுதியிலிருந்து அதற்குப் போதிய சமிக்ஞை கிடைப்பதில்லை. எலும்போடு இறுகப் பிணைந்திருக்கும் சிறிதளவு நீரின் சமிக்ஞையும், வழக்கமான முறையில் கருவி பதிவு செய்யத் தொடங்கும் முன்பே அடங்கிவிடுகிறது. அதனால்தான் முள்ளெலும்பின் கெட்டியான புறஓடு படத்தில் மெல்லிய கருங்கோடாகத் தெரிகிறது. அந்தக் கோட்டுக்குள் சாம்பல் நிறத்திலும் வெண்மையாகவும் தெரிவதெல்லாம் மஜ்ஜைதான். டெக்ஸா கருவி இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, தாது அவற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதை நேரடியாக அளந்து, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்லிவிடுகிறது. அந்த எண்ணை இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுக் கிடைப்பதே டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த வரையறையே இன்றும் நடைமுறையில் உள்ளது.

அப்படியானால் மஜ்ஜைக் கொழுப்பைப் பற்றி அறிக்கையில் ஏன் எழுதினார்கள் என்று கேட்பீர்கள். எலும்பின் உள்ளே உள்ள நுண்சட்டங்கள் மெலிய மெலிய, அவற்றின் இடையே விரியும் இடத்தைப் பெரும்பாலும் கொழுப்பு நிரப்புகிறது. எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் பட வகைகளில் ஒன்றான டி1 படத்தில் கொழுப்பு வெண்மையாகத் தெரியும். இதை எண்ணாக மாற்றவும் ஒரு வழி இருக்கிறது. எல்1 முதல் எல்4 வரையிலான நான்கு முள்ளெலும்புகளின் டி1 சமிக்ஞை அளவுகளின் இடைநிலை மதிப்பை, எல்3 மட்டத்தில் உள்ள தண்டுவடத் திரவத்தின் சமிக்ஞையால் வகுப்பார்கள். எம்.ஆர்.ஐ. சமிக்ஞைக்கு நிலையான அலகு கிடையாது என்பதால்தான் இந்த வகுத்தல். கிடைக்கும் எண் கூடுதலாக இருந்தால் எலும்பின் தரம் குறைவு என்று பொருள். முதுகெலும்பில் திருகாணி பொருத்தப்போகும் அறுவை மருத்துவர்களுக்கு, கையிலிருக்கும் படத்திலிருந்தே கிடைக்கும் இந்தக் குறிப்பு பயன்படுகிறது.

நோயை உறுதி செய்ய இதை நம்புவதை நான் ஏற்கமாட்டேன். காந்தப் புலத்தின் வலிமையும் கருவியின் அமைப்புகளும் மாறினால் எண்ணும் மாறும். எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் எல்லைக்கோடு எதுவும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கடுமையான இரத்தசோகை உள்ளவருக்குச் சிவப்பு மஜ்ஜை பெருகிக் கொழுப்பு குறைந்துவிடும் என்பதால், எலும்பு நலிந்திருந்தாலும் எண் நன்றாகவே வரக்கூடும். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவருக்கு இதற்கு நேர்மாறாக நடக்கும். கொழுப்பின் விழுக்காட்டையே தனியாக அளக்கும் எம்.ஆர்.ஐ. முறைகள் இதைவிட நம்பகமானவை என்றாலும், அவையும் தாதுவை அளப்பதில்லை. (வேறு காரணத்துக்காக உங்கள் தாயாருக்கு முன்பே வயிற்று சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள், சி.டி. தாதுவை உணரும் கருவி என்பதால் அதிலிருந்து ஓரளவு மதிப்பிட முடியும்.)

இனி எல்1. எம்.ஆர்.ஐ.யின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. கீழே விழாமலோ, நின்ற நிலையிலிருந்து விழுந்த அளவிலோ ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தால், டி-ஸ்கோர் எவ்வளவாக இருந்தாலும் அதை எலும்புப்புரை என்றே கொண்டு சிகிச்சை தொடங்குவது வழக்கம். ஒரு முறை நசுங்கியவருக்கு அடுத்த முறிவு நேரும் ஆபத்து முதல் ஓராண்டில் மிக அதிகம். ஆகவே கதிரியக்க மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உயரம் எத்தனை விழுக்காடு குறைந்திருக்கிறது? 20 விழுக்காட்டுக்குக் குறைவான சரிவு இயல்பான வடிவ வேறுபாடாகவும் இருக்கலாம், குறிப்பாக மார்பு முள்ளெலும்புகளும் இடுப்பு முள்ளெலும்புகளும் சந்திக்கும் இந்த இடத்தில். முறிவு புதியதா, பழையதா? புதிய முறிவில் மஜ்ஜையில் நீர் கோத்திருக்கும்; அந்தப் பகுதி டி1 படத்தில் கறுத்தும், கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி எடுக்கும் ஸ்டிர் படத்தில் வெளுத்தும் தெரியும். ஆறிய பழைய முறிவு அக்கம்பக்கத்து முள்ளெலும்புகளின் நிறத்திலேயே இருக்கும். மூன்றாவது, இது புற்றுநோயால் நசுங்கியதாக இருக்க வாய்ப்புண்டா? மஜ்ஜை முழுவதும் மாறியிருத்தல், பின்பக்க விளிம்பு வெளிநோக்கிப் புடைத்தல், எலும்பைச் சுற்றிக் கட்டி தெரிதல் ஆகியவை அந்த ஐயத்தை எழுப்பும். மஜ்ஜையின் ஒரு பகுதியாவது இயல்பான கொழுப்போடு எஞ்சியிருப்பது ஆறுதலான அறிகுறி.

எல்1 முறிவு உறுதியானாலும் டெக்ஸா வீண் அல்ல. சிகிச்சை பலன் தருகிறதா என்பதைப் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடக்க அளவு ஒன்று வேண்டும். எடுக்கும்போது எல்1 பற்றித் தொழில்நுட்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நசுங்கிய எலும்பில் அதே தாது சிறிய பரப்பில் அடைந்து நிற்பதால் அடர்த்தி பொய்யாக உயர்ந்து தெரியும். அதை விலக்கிவிட்டு மற்ற முள்ளெலும்புகளைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். முதுமையில் எலும்பு விளிம்புகளில் வளரும் முட்களும், பெருந்தமனிச் சுவரில் படியும் கால்சியமும் இதே போல ஏமாற்றும் என்பதால், இடுப்பு மூட்டையும் சேர்த்து அளப்பது அவசியம்.

கூடவே கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளையும் மருத்துவர் எழுதுவார். மல்டிபிள் மைலோமா எனும் மஜ்ஜைப் புற்றுநோயும் இப்படி எலும்பை நசுக்கக்கூடும் என்பதால், இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். கால்களில் பலவீனமோ மரத்துப்போதலோ, சிறுநீர் அடைப்போ தோன்றினால் இவை எதற்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த டெக்ஸாவை ஓரிரு ஆண்டுகள் கழித்து, முடிந்தவரை அதே கருவியிலேயே எடுங்கள்; கருவி மாறினால் இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிட முடியாது. அடர்த்தியைக் கண்காணிப்பதற்கென்று எம்.ஆர்.ஐ.யைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. புதிதாகக் கடும் வலி வந்தாலோ உயரம் குறைந்தாலோ அது தேவைப்படலாம்.