24ஆம் தேதி வரைக்கும் கிறிஸ்மஸ் கிஃப்ட் வாங்காதவங்க இங்க வாங்க, கேளுங்க

கிஃப்ட் கடையில பேக்கிங் கவுன்டர்ல ஒம்பது வருஷம் நின்னவ நான். டிசம்பர் முதல் வாரத்துல வந்தவங்க யாரும் ஞாபகத்துல இல்ல, 24ஆம் தேதி ராத்திரி ஷட்டர் பாதி இறங்கினப்புறம் குனிஞ்சு உள்ள வந்தவங்க மூஞ்சி மட்டும் அப்படியே இருக்கு. அதனால யாரையும் திட்ட மாட்டேன். (எங்க வீட்டுக்கு நானே கடைசி நாள்தான் வாங்குவேன், அது வேற கதை.)

அக்கா, இன்னும் மூணு நாள் இருக்கு. ஆன்லைன்ல "2 நாள்ல டெலிவரி"ன்னு போட்டிருக்கான், நம்பி ஆர்டர் போடலாமா?

அந்த 2 நாள் எப்பலேர்ந்துன்னு மொதல்ல பாருங்க. நெறைய இடத்துல அது பார்சல் அவங்க கைய விட்டு கிளம்பினப்புறம் உள்ள கணக்கு, எடுத்து பேக் பண்ற நேரம் தனி, அதுலயும் லீவு நாளை கழிச்சிடுவாங்க. பேர் பொறிச்ச கப்பு, போட்டோ போட்ட தலகாணி எல்லாம் இந்த வருஷம் மறந்துடுங்க, அது ஆர்டர் வந்தப்புறம்தான் செய்யவே ஆரம்பிப்பாங்க. ஆன்லைன்ல காசு கட்டிட்டு கடையில போய் வாங்கிக்கிற வசதி இருந்தா அதான் பெஸ்ட், உங்க பொருளை தனியா எடுத்து வச்சிடுவாங்க.

என் வைஃப் நவம்பர்லயே ஒரு ஹேண்ட்பேக்கை காட்டி இது நல்லாருக்குல்லன்னு சொன்னா. அதையே வாங்கிட்டா சர்ப்ரைஸ் போயிடுமே அக்கா?

தம்பி, விடையை கையில வச்சுக்கிட்டு கேள்வி கேக்குறீங்களே! பிரான்செஸ்கா ஜினோ, பிரான்சிஸ் ஃப்ளின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2011ல இதையேதான் எழுதினாங்க, குடுக்கிறவங்க தானா யோசிச்சு வாங்கினாதான் அக்கறைன்னு நினைக்கிறாங்க, ஆனா வாங்கிக்கிறவங்களுக்கு கேட்டது கிடைச்சாதான் சந்தோஷம், நாம சொன்னதை காதுல வாங்கியிருக்கான்னு தோணுதாம். கவுன்டர்ல நானும் பாத்திருக்கேன், ஒருத்தர் மனைவி கேட்ட சாதாரண குடையை விட்டுட்டு கண்ணாடி அன்னம் ஒண்ணை வாங்கிட்டுப் போனார், 27ஆம் தேதி அந்த அம்மாவே பில்லோட வந்து அன்னத்தை குடுத்துட்டு குடையை எடுத்துட்டுப் போனாங்க. அந்த பேக்கையே வாங்குங்க. கலர் மட்டும் ஞாபகம் இருக்கா?

கருப்புன்னு நினைக்கிறேன்…

"நினைக்கிறேன்"ன்னா கிஃப்ட் ரசீது கேட்டு வாங்குங்க, அதுல விலை இருக்காது, மாத்திக்க மட்டும் உதவும்.

வருஷத்துக்கு ஒரு தடவை பாக்குற பெரியப்பாவுக்கு என்ன வாங்க? அவருக்கு என்ன பிடிக்கும்னே தெரியாது.

ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1993ல காலேஜ் பசங்க கிட்ட இதைக் கணக்கெடுத்தார். நமக்கு வந்த கிஃப்ட்டை, அதோட விலையை விட 10 சதவீதத்துலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் கம்மியாத்தான் நாம மதிக்கிறோமாம், குடுத்தவங்க தூரத்து சொந்தமா இருந்தா நஷ்டம் இன்னும் ஜாஸ்தி. அதனால பெரியப்பாவுக்கு கண்ணை மூடிக்கிட்டு பெரிய செலவு பண்ணாதீங்க. தீர்ந்து போற பொருளா இருக்கட்டும், ஷோகேஸ்ல வைக்கிறது வேண்டாம். இல்லன்னா ஒரு கவர்ல பணம், கூடவே கையால எழுதின நாலு வரி.

கிஃப்ட் கார்டு குடுத்தா சோம்பேறின்னு நினைப்பாங்களா?

நினைக்கட்டுமே, நாம சோம்பேறிதானே. கடையில வாங்கினா பின் நம்பர் மேல உள்ள பூச்சு சுரண்டியிருக்கா, கவரை பிரிச்சு ஒட்டியிருக்கான்னு மட்டும் பாருங்க, திருடங்க நம்பரை எழுதிக்கிட்டு கார்டை திரும்ப மாட்டிடுவாங்க. இன்னொண்ணு, "நான்தான் மேனேஜர், அவசரமா கார்டு வாங்கி நம்பரை அனுப்பு"ன்னு மெசேஜ் வந்தா அது நிச்சயமா உங்க மேனேஜர் இல்ல.

ரெண்டு வயசுல ஒண்ணு, ஏழு வயசுல ஒண்ணு. கடைசி நிமிஷம், பொம்மை கடை காலி. ஹெல்ப்!

மிச்சம் இருக்கிறதுல கைக்கு கிடைச்சதை எடுக்காம அட்டையில வயசு பாருங்க. "3 வயசுக்கு கீழ வேண்டாம்"னு போட்டிருந்தா அது அறிவுக்கு இல்ல, சின்ன பாகம் தொண்டையில சிக்கும்னு அர்த்தம். பட்டன் பேட்டரி (காசு மாதிரி வட்டமா இருக்குமே) போட்ட பொம்மையில பேட்டரி மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கணும், குழந்தை அந்த பேட்டரியை முழுங்கினா 2 மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயை அரிச்சிடும், சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சின்னதுக்கு கட்டை, பந்து போதும்மா, அதுவும் எப்படியும் அட்டைப்பெட்டியோடதான் விளையாடும். பெரியவனுக்கு பேட்டரி பொம்மைன்னா பேட்டரியையும் சேர்த்து வாங்கிடுங்க. கேம் மெஷின், டேப்லட் மாதிரி வாங்கினா முன்னாடி ராத்திரியே சார்ஜ் ஏத்தி அப்டேட் பண்ணி திரும்ப பெட்டியில வைங்க, இல்லன்னா காலையில அவன் பாக்குறது கேமை இல்ல, 3 சதவீதம் 4 சதவீதம்னு நகர்ற ஒரு கோட்டை.

எனக்கு பேக் பண்ணவே வராது, கசங்கிப் போகுது.

பேப்பரை சுத்துனா ரெண்டு விரல் அகலம் ஒண்ணு மேல ஒண்ணு வரணும், ரெண்டு ஓரத்துலயும் பெட்டி உயரத்துல பாதிக்கு கொஞ்சம் மேல நீளட்டும். அதுக்கு மேல விட்டாதான் ஓரம் மடிக்கும்போது புடைச்சுக்கிட்டு நிக்கும். பேப்பர் கொஞ்சம் பத்தலன்னா வெட்டி ஒட்டாதீங்க, பெட்டியை பேப்பர் மேல மூலைவாக்குல திருப்பி வச்சு பேப்பரோட நாலு மூலையையும் நடுவுல கொண்டு வாங்க, பல நேரம் போதும். நெருங்கின ஃப்ரெண்டுக்குன்னா கசங்கலாவே குடுங்க. பேக்கிங் பளபளன்னு இருந்தா உள்ளயும் பெருசா எதிர்பார்த்து ஏமாறுவாங்கன்னு ஒரு ஆராய்ச்சியே இருக்கு. ஆபீஸ்ல பழக்கமில்லாதவங்களுக்கு மட்டும் நீட்டா.

நாளைக்கு ஃப்ளைட். பேக் பண்ணியே எடுத்துட்டுப் போகலாமா?

வேண்டாம், செக்கிங்ல பிரிக்கச் சொன்னா போச்சு. பேப்பரை தனியா எடுத்துட்டுப் போய் அங்க சுத்துங்க. பவர் பேங்க் வாங்கியிருந்தா கைப்பையிலதான்.

ஆர்டர் லேட். 25ஆம் தேதிக்கு வராது. முடிஞ்சுது என் கதை.

பொருளோட போட்டோவை பிரின்ட் எடுத்து கவர்ல போட்டு "வந்துக்கிட்டிருக்கு"ன்னு குடுங்க. அவங்க ஏதாவது கேட்டா, குழந்தை இயேசுவைப் பாக்க வந்த ஞானிங்களே ஜனவரி 6ஆம் தேதி திருநாள்ல தானே காணிக்கையோட வர்றாங்க, பல ஆர்த்தடாக்ஸ் சபைகள்ல கிறிஸ்மஸே ஜனவரி 7தான்னு சமாளிங்க. ரெண்டும் உண்மைதான்.

எல்லாம் வாங்கிட்டேன் அக்கா. ஆனா எங்க ஒளிச்சு வச்சேன்னு மறந்துட்டேன்.

சூட்கேஸுக்குள்ள இருக்கிற இன்னொரு சூட்கேஸ்ல பாருங்க. எனக்கு அங்கதான் கிடைச்சுது, மார்ச் மாசத்துல.