வாழ்க்கையைப் பற்றிய எண்ணங்களை எளிமையாகவும் ஆழமாகவும் சொல்வது எப்படி?

எழுத உட்கார்ந்தால் பெரிய சொற்களாகவே வந்து விழுகின்றன என்று கேள்வியில் வருந்தியிருக்கிறீர்கள். உங்களுக்கு வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த நோய் 48 வயது வரை இருந்தது. அதைத் தெளிய வைத்தது ஞானமன்று, நாளிதழ் விளம்பரக் கட்டணம்.

2007இல் அப்பா காலமானபோது இரங்கல் அறிவிப்பை நான்தான் எழுதினேன். ‘பாசத்தின் இமயம், பண்பின் பெட்டகம்’ என்று தொடங்கி ஒரு முழுத்தாள். இடத்தின் அளவுக்கேற்பக் காசு என்றார்கள். தொகையைக் கேட்டதும் முதலில் இமயத்தை அடித்தேன். பிறகு பெட்டகத்தை. அந்த வரிகளை ஊரில் எந்த அப்பாவுக்கும் போட்டுக்கொள்ளலாம் என்பது அடிக்கும்போதுதான் உறைத்தது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘துறைமுகத்தில் 27 ஆண்டுகள் மூட்டை தூக்கியவர். முகர்ந்தே சரக்கைச் சொல்பவர்.’

1972 ஜூனில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு, சரக்கைப் பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைத்து ஏற்றிவரும் முதல் கொள்கலன் கப்பல் வந்ததைப் பற்றி யார் கேட்டாலும் அப்பா இரண்டு வரிதான் பேசுவார். “முன்பெல்லாம் மிளகா கொப்பரையா என்று மூக்குக்குத் தெரியும். இப்போது எல்லாம் பெட்டி.” ஒரு காலம் போய்விட்டதை நான் பத்துப் பக்கம் எழுதினாலும் இப்படி வராது.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “மூட்டை தூக்கியவர் என்றா போடுவாய்? சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே!” என்றார். பார்க்கட்டும் என்று போட்டுவிட்டேன்.

அறிவிப்பு வந்த அன்று எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு முன்பின் தெரியாத நான்கு முதியவர்கள் வந்தார்கள். பெயரும் படமும் பிடிபடவில்லையாம். முகர்ந்து சொல்பவர் என்றதும் புரிந்துவிட்டதாம். “எங்களுக்கு அவன் மிளகு, தம்பி” என்றார் ஒருவர். அப்பாவுக்கு அப்படியொரு பெயர் இருந்தது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அலங்காரத் தமிழைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மேடைக்கு அது வேண்டியதுதான். ஏழு சீரில் முடித்துவிடுவது வள்ளுவருக்குக் கைவந்தது. எனக்கோ அடிக்க அடிக்கத்தான் கொஞ்சமாவது வருகிறது.

அடித்ததில் உறவினர் பட்டியலும் போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். தம் பெயர் விடுபட்டதென்று சித்தப்பா மகன் ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. மண்டாய் தகனச் சாலைக்கு அவர் வரவே இல்லை. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து, வடை ஆறிப்போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.